நேரில் கேட்டு

ஒன்று. இரண்டு. மூன்று. அவ்வளவுதான், உனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தது, போய் உட்கார்.

டீச்சர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. முட்டை உரித்துக்கொண்டே, எதிரில் நின்ற தங்கை மகளின் உதடுகளைப் பார்த்தபடி மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணக் கூடாது என்றுதான் தினமும் நினைக்கிறாள். ஆனால் பதினொரு நாளாக அந்த எண்ணிக்கை அவளிடம் அனுமதி கேட்காமலே தலைக்குள் ஓடுகிறது. பிள்ளையின் உதடுகள் குவிந்தன. கழுத்தில் ஒரு நரம்பு மெல்ல எழும்பியது. மூன்று என்று எண்ணி முடித்த அதே நேரத்தில் உதடுகள் தாமாகவே தளர்ந்தன. பிள்ளை கையை நீட்டி உப்பு டப்பாவைக் காட்டினாள்.

முன்பு இப்படி இல்லை. ஏழு, எட்டு, சில நாள் பத்துக்குமேலும் போகும். ஆனால் வரும்போது வார்த்தை முழுசாக வரும், கழுவித் துடைத்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி. அந்த வீட்டில் அதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. பொட்டு பேச ஆரம்பித்தால் அவள் வார்த்தையை வேறு யாரும் முடித்துவைக்கக் கூடாது. லாரி ஓட்டும் அவள் அப்பா, வீட்டுக்கு வரும் இரண்டு நாளும் வாய் மூடாமல் பேசுகிற மனுஷன், அவர்கூட மகள் வாய் திறந்தால் தன் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். பொட்டு என்பது ஒன்பது வயதாகியும் அவள் அளவுக்கு ஏற்றபடி நின்றுவிட்ட வீட்டுப் பெயர்.

இப்போது யாரும் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. பொட்டு தானாகவே மூன்றில் நிறுத்திக்கொள்கிறாள்.

"உப்பு கேக்குறா, குடு," என்றாள் தங்கை. பள்ளிச் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"கேக்கலடி. காட்டுறா."

"ரெண்டும் ஒண்ணுதான். காலங்காத்தால ஆரம்பிக்காத."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. தங்கை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கைவிரிப்பு அவள் கையைக் கடந்து போகும். சோடாவில் ஊறி ஊறி விரல்நுனியெல்லாம் வெளுத்து, ரேகையே தெரியாத கைகள். அந்தக் கையால் அவள் சீருடையின் கழுத்துப்பட்டியை நீவிய விதத்தில் ஒரு கோபம் இருந்தது. யார் மேல் என்று டீச்சருக்குத் தெரியும். 'நீதானே அக்கா அதத் தேர்ந்தெடுத்த' என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், போன வாரம். திருப்பிச் சொல்லத் தேவைப்படவில்லை.

தேர்ந்தெடுத்தது அவள்தான். அதை மறுக்க முடியாது.

ஆறு மாதத்துக்கு முன் பள்ளியில் மூன்று பேர் கொண்ட ஒரு தேர்வுக்குழு போட்டார்கள். தலைமையாசிரியையான பெரிய மேடம், கணக்கு வாத்தியார், இவள். மூன்று கம்பெனிக்காரர்கள் மூன்று விதமான டேப், அதாவது தொடுதிரைக் கருவி, கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். பிள்ளை ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, திரையில் வரும் பாடத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். கருவி கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் ஒரு வட்டம் காட்டும். நன்றாகப் படித்தால் பச்சை, சுமாராகப் படித்தால் மஞ்சள், இல்லையென்றால் சிவப்பு.

"நல்லாப் படிக்கிற நாலு பேரக் கூட்டிட்டு வாங்க டீச்சர். வந்தவங்க முன்னாடி மானம் போயிடக் கூடாது," என்றார் பெரிய மேடம்.

அவள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் வானொலி. அந்தப் பெண்ணுக்கு வகுப்பு முழுக்க அந்தப் பெயர்தான். எழுத்தைக் கண்டால் போதும், மூச்சு விடாமல் செய்தி வாசிக்கிற மாதிரி வாசிப்பாள். மூன்று கருவியும் நாலு பேருக்கும் பச்சை காட்டின. எழுத்து பெரிதாக இருந்ததாலும், அதற்குள்ளிருந்து பேசிய பெண்குரல் 'ழ'வை ஒழுங்காகச் சொன்னதாலும், மூன்றாவது கருவியே நல்லது என்று சொல்லி இவள் முதல் கையெழுத்தைப் போட்டாள்.

அதே வகுப்பில் இருந்த பொட்டு அன்றைக்கு அவளுக்கு மறந்துபோகவில்லை. மறந்திருந்தால்கூட ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பொட்டையும் கூட்டிப் போவோமா என்று வகுப்பு வாசலில் ஒரு விநாடி நின்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தாள். வந்தவர்கள் முன்னால் தன் வீட்டுப் பிள்ளை திக்கி நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. செருப்பு வாங்கப் போனவள் வலிக்கிற காலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன கதைதான் இது. நல்ல காலுக்கு எல்லாச் செருப்பும் பொருந்தியது.

*

வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். தினமும் இரண்டாவது மணி வாசிப்பு நேரம். டேப்புகள் வந்த புதிதில் எல்லோருக்கும் கொண்டாட்டமாக இருந்தது. உள்ளே பேசும் குரலுக்கு 'டேப் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். டேப் அக்கா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். நன்றாகப் படித்தால் "மிக அருமை!" என்பாள். பிள்ளை எங்காவது நின்றால் மூன்று நொடி பொறுப்பாள். அதற்குள் சத்தம் வரவில்லையென்றால் அந்த வார்த்தையைத் தானே சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவாள். பத்து வார்த்தை அப்படித் தாவினால் சிவப்பு.

பொட்டுக்கு முதல் நாளே சிவப்பு. பாடத்தின் முதல் வரியில் இருந்த ஏழு வார்த்தையையும் டேப் அக்காவே சொல்லி முடித்தாள். வீட்டில் யாரும் செய்யக் கூடாது என்று இத்தனை வருடமாகக் காத்து வந்த ஒன்றை அந்தக் குரல் ஒரு நிமிடத்தில் ஏழு தடவை, அதுவும் தேன் வழிய வழியச் செய்தது. ஒரே வாரத்தில் வகுப்பில் 'சிவப்பு' என்பது ஒரு வசவாகிவிட்டது. "போடி சிவப்பு," "தள்ளி உக்காரு, எனக்கும் சிவப்பு ஒட்டிக்கும்."

அன்றைக்கு இரண்டாவது மணியில் மழை நின்றிருந்தது. டீச்சர் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். வானொலியின் குரல் கட்டியிருந்தது. இருமினாள். பிறகு பக்கத்து டெஸ்க்குக்கு நகர்ந்தாள். அங்கே இருந்தவன் தன் ஹெட்போனைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அவள் மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

டீச்சர் அருகே போய் நின்றாள். வானொலி பத்தியை முடித்து, பச்சை வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இது யாரு டேப்?"

"அவனோடது டீச்சர்."

"யாரு படிச்சது?"

"நான்தான் டீச்சர்." பயமே இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற முகம்.

"எத்தன பேருக்கு இப்படிப் படிக்கிற?"

"தினமும் இல்ல டீச்சர். இன்னிக்கு ஆறு பேரு. கடைசி பெஞ்சு மூணு பேருக்கு எப்பவும். உங்க வீட்டுப் பிள்ளைக்கு ஒரே ஒரு தடவ."

"எதுக்கும்மா?"

"டேப் அக்காவுக்கு என் குரல் பிடிச்சிருக்கு டீச்சர். இவங்க குரல் பிடிக்கல. நான் என்ன பண்றது?"

"சும்மாவா படிக்கிற?"

வானொலி கொஞ்சம் யோசித்தாள். "ஒரு தடவைக்கு ஒரு ரப்பர். மேல பூ போட்டிருந்தா ரெண்டு தடவ."

பின்னால் யாரோ சிரித்தார்கள். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் கசந்தது. கடைசி பெஞ்சு மூன்று பேரும் எழுத்துக்கூட்டக்கூடத் தடுமாறுகிறவர்கள். அறிக்கையில் மூவரும் பச்சை. இரண்டு மாதமாக அவர்களோடு தனியாக உட்கார வேண்டியதில்லை என்று அந்தப் பச்சையை நம்பி விட்டிருந்தாள். கருவியின் காதை நம்பி, அவள் தன் காதைக் கழற்றி வைத்திருந்தாள்.

"பொட்டு கேட்டுச்சா உன்ன, படிச்சுக் குடுன்னு?"

"இல்ல டீச்சர். நானாத்தான் படிச்சேன். ரப்பர் கூட வாங்கல." வானொலி குரலைத் தாழ்த்தினாள். "டேப் அக்கா அது பேரச் சொல்லி 'மிக அருமை'ன்னு சொன்னுச்சு. சந்தோஷப்படும்னு நெனச்சேன். ஆனா அழுதுச்சு டீச்சர்."

ஜன்னலோரம் பொட்டு ஹெட்போனைக் காதில் மாட்டியபடி உட்கார்ந்திருந்தாள். திரையில் வார்த்தைகள் தாமாகவே ஒவ்வொன்றாக ஒளிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தன. பொட்டின் கண்கள் அவற்றுக்கு முன்னாலேயே ஓடி, பக்கத்தின் கடைசி வரியில் போய் நின்றுகொண்டிருந்தன. உதடு அசையவே இல்லை.

*

கம்பெனியிலிருந்து பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வரும் ஆள் மத்தியானம் வந்தார். இருபத்தைந்து வயசு இருக்கும். நல்ல மாதிரி. வந்ததும் ஒவ்வொரு கருவியையும் துணியால் துடைப்பார், பிள்ளைகளின் பெயரெல்லாம் தெரியும். டீச்சர் அவரை வராந்தாவில் நிறுத்தினாள்.

"இந்த மூணு நொடிய யாரு வெச்சது தம்பி?"

"அது பெட்டியப் பிரிக்கும்போதே அப்படித்தான் இருக்கும் மேடம்."

"மாத்த முடியுமா?"

"தாராளமா. இருபது நொடி வரைக்கும் போகலாம். பிள்ளைக்குப் பிள்ளை தனித்தனியாவும் வெச்சுக்கலாம்." அவர் உற்சாகமாகிவிட்டார். கைக்குள் இருந்த கருவியில் இரண்டு மூன்று இடம் தொட்டுக் காட்டினார். "திக்கிப் பேசுறவங்களுக்குன்னே ஒரு வழி இருக்கு பாருங்க. வாய்விட்டுப் படிக்கவே வேண்டாம். மனசுக்குள்ள படிச்சுட்டு கேள்விக்குப் பதிலத் தொட்டாப் போதும். காது மந்தமா இருக்கறவங்களுக்கு ஒண்ணு. 'ழ' வராதவங்களுக்கு ஒண்ணு."

டீச்சர் அந்தத் திரையையே பார்த்தாள். எல்லாம் இருக்கிறது. பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

"இத ஏன் முதல்லயே சொல்லல?"

"யாரும் கேக்கலையே மேடம்," என்றார் அவர், குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல்.

"சரி, இப்பக் கேக்குறேன். மாத்திக் குடுங்க."

"இப்ப முடியாதே." அவர் முகம் உண்மையாகவே வாடியது. "பருவம் நடுவுல மாத்தினா அறிக்கை கெட்டுப்போயிடும் மேடம். போன மாசத்தோட ஒப்பிட முடியாது, மத்தப் பள்ளிங்களோட ஒப்பிட முடியாது. அதான் பூட்டி வெச்சிருக்கு. அடுத்த பருவம் பெரிய மேடம் எழுதிக் குடுத்தா செய்யலாம்."

"போன மாசம் மழை கொட்டுனப்போ தகரக் கூரைச் சத்தத்துல முப்பத்தாறு பேருக்கும் சிவப்பு வந்துச்சே. அத மட்டும் எப்படி நீக்கினீங்க?"

"அது தொழில்நுட்பக் கோளாறு மேடம். மழைக்குப் பிள்ளைங்க என்ன பண்ணும்?"

"தொண்டைக்கு மட்டும் என்ன பண்ணும் தம்பி?"

அவர் துடைத்த கருவியையே மறுபடி துடைத்தார். மழைக்குக் கிடைத்த மன்னிப்பு ஒரு பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்று அவள் நினைத்தாள். நினைத்ததும் கோபம் அவர்மேல் நிற்காமல், வழுக்கி வந்து தன்மேலேயே விழுந்தது. யாரும் கேட்கவில்லை. அந்த 'யாரும்' யார்? மேசையில் மூன்று கருவி இருந்தபோது அருகில் நின்றவள் அவள்தானே.

*

சாயங்காலம் பெரிய மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஒரு தாள் இருந்தது. 'தனிக் கவனப் பிரிவு' என்று மேலே அச்சிட்டிருந்தது. கீழே அவள் வகுப்பிலிருந்து ஐந்து பெயர். முதலாவது பொட்டின் பள்ளிப் பெயர்.

தனிக் கவனப் பிரிவு என்றால் விளையாட்டுச் சாமான் அடுக்கும் அறைக்குப் பக்கத்து அறை. அங்கே ஐந்து மேசை, ஐந்து டேப். காலையிலிருந்து மத்தியானம் வரை பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஆசிரியர் கிடையாது. வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்ள அலுவலக உதவியாளர் ஒருவர் கதவருகே உட்காருவார். பெயரில் இருக்கிற கவனம் அந்த அறையில் எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது.

"நாளைக்கு இத மேலிடத்துக்கு அனுப்பணும் டீச்சர். கையெழுத்துப் போட்டுடுங்க."

"மேடம், இந்த அஞ்சு பேர்ல ஒருத்தன்தான் நிஜமாவே படிக்கத் தெரியாதவன்," என்றாள் டீச்சர். "ரெண்டாவது பேரப் பாருங்க, அந்தப் பொண்ணு பேசுனா எனக்கே குனிஞ்சாத்தான் கேக்கும். மெஷினுக்கு எப்படிக் கேக்கும்? மூணாவது பையனுக்கு 'ழ' வராது, 'பயம்'னு சொல்லுவான், ஆனா பழம்தான்னு அவனுக்குத் தெரியும். நாலாவது பையன் 'சென்றான்'னு போட்டிருந்தா 'போனான்'னு படிப்பான். அர்த்தம் புரிஞ்சு படிக்கிறான் மேடம், அதுக்குச் சிவப்பு. பச்சை வாங்கின மூணு பேருக்கு எழுத்துக்கூட்ட வரல. அவங்களுக்கு வேற ஒரு பொண்ணு படிச்சுக் குடுத்திருக்கா."

"அடக் கடவுளே," என்று பெரிய மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அத வெளிய சொல்லிடாதீங்க."

"மேடம்…"

"நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல. முப்பது வருஷம் நானும் சாக்பீஸ் தின்னவதான். ஆனா எனக்கும் மேல ஆள் இருக்கு. இத்தனை வாங்கிப் போட்டாச்சு, இதனால என்ன பயன்னு கேக்குறாங்க. யாருக்கு உதவி தேவைன்னு கண்டுபிடிச்சிருக்கோம்னு காட்டணும். காட்டலேன்னா அடுத்த வருஷம் எதுவும் கிடையாது." குரலைக் கொஞ்சம் தணித்தார். "அதோட, தேர்ந்தெடுத்தது நீங்க. முதல் கையெழுத்து உங்களோடது. இப்ப நீங்களே இது சரியில்லன்னா, யாருக்கு அசிங்கம்?"

டீச்சர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய மேடம் பேனாவை எடுத்து, முதல் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். நிதானமாக, அளவுகோல் வைத்த மாதிரி நேராக.

"உங்க வீட்டுப் பிள்ள. அத எடுத்துட்டேன். போதுமா? அது வகுப்புலயே உங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும். மீதி நாலுக்குப் போட்டு, காலைல கொண்டாங்க."

அந்த ஒரு நொடி அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதை அவள் பிறகு எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் இல்லை என்று சொல்லிவிட முடியவில்லை. தோள் இறங்கியது, மூச்சு இளகியது. "சரி மேடம்" என்று சொல்லி, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். தெருமுனையில் தேங்கிய தண்ணீரில் கால் வைத்தபோதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது.

*

"கையெழுத்து போட்டுட்டியா?" என்றாள் தங்கை, விஷயம் கேட்ட மறு நொடி. அப்போதுதான் வேலை முடிந்து வந்து, நனைந்த செருப்பைக் கதவோரம் நிறுத்தியிருந்தாள். உடம்பெல்லாம் சோடா வாசம்.

"இல்ல."

"ஏன்? பேனா இல்லையா?"

"விளையாடாதடி."

"நான் எங்க விளையாடுறேன்? எம்புள்ள பேர எடுத்துட்டாங்க. அந்தம்மா நல்லா இருக்கட்டும். போட்டுக் குடுத்துட்டு வா." அவள் டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள். நெருப்பு இரண்டு தடவை அணைந்து மூன்றாவது தடவை பிடித்தது.

"எடுத்தது அவ படிக்கிறான்னு இல்ல. நான் வாய மூடணும்னு."

"மூடேன்! ஒரு தடவ மூடினா தேஞ்சா போயிடுவ? பொட்டுக்காக மூட மாட்டியா?"

"மத்த நாலு பேரு?"

"அவங்கவங்களுக்கு ஆத்தா அப்பன் இருக்காங்க. ஊர்ல இருக்குற பிள்ளைங்களுக்கெல்லாம் நீ பெரியம்மாவா?"

தங்கை திரும்பி, கையிலிருந்த கரண்டியை ஆட்டியபடி சொன்னாள்:

"அக்கா, எங்க சலவைக்கூடத்துல ஒரு கூடை இருக்கு. நீலக் கூடை. கறை போகாத விரிப்பயெல்லாம் அதுல போடுவோம். அந்தக் கூடைல விழுந்தது எதுவும் படுக்கைக்குத் திரும்பிப் போகாது. துண்டு துண்டாக் கிழிச்சுத் தரை துடைக்கக் குடுத்துடுவாங்க. எத்தன நல்ல விரிப்பு அதுல போயிருக்குன்னு எனக்குத்தான் தெரியும். எம்புள்ள அந்தக் கூடைல விழக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் தெரியும். எனக்கு நியாயம் பேசத் தெரியாது."

"கறை போகாதுன்னு யாருடி சொல்றது?"

"மேஸ்திரி. ரெண்டு தடவ துவைச்சுப் பாத்துட்டு."

"ரெண்டு தடவயாவது துவைக்கிறீங்கள்ல," என்றாள் டீச்சர்.

தங்கையின் கை நின்றது. பால் பொங்கி விளிம்புக்கு வந்தது. பார்த்து இறக்கிவைத்தாள். தங்கை அழுதாளா என்று டீச்சருக்குத் தெரியவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த பொட்டு எப்போது எழுந்து வந்தாள் என்று இருவருமே கவனிக்கவில்லை. மேசையில் விரித்துக் கிடந்த தாளை அவள் படித்துக்கொண்டிருந்தாள். கோடு இழுத்த தன் பெயரில் அவள் கண் நிற்கவில்லை. மற்ற நாலு பெயரையும் தாண்டி, மேலே போய், கீழே வந்து, கையெழுத்துப் போடும் இடத்துக்குமேல் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்த வரிக்கு வந்தாள். அவசரத்தில் டீச்சர்கூடச் சரியாகப் பார்க்காத வரி. 'மேற்கண்ட மாணவர்கள் வாசிப்பதை ஆசிரியர் நேரில் கேட்டு உறுதி செய்தார்.'

பொட்டு தன் சுட்டுவிரலை 'கேட்டு' என்ற வார்த்தைக்கு அடியில் வைத்தாள். பெரியம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். உதடு திறந்தது. கழுத்து நரம்பு எழும்பியது.

ஒன்று, இரண்டு என்று தலைக்குள் ஓட ஆரம்பித்த எண்ணிக்கையை டீச்சர் பல்லைக் கடித்து நிறுத்தினாள். பிள்ளையின் உதடு தளரப் போவது தெரிந்தது.

"நான் எண்ணலடி," என்றாள். "எனக்கு எங்கயும் போக வேண்டியதில்ல."

தங்கை அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். கூரையில் மழை மறுபடி தட்ட ஆரம்பித்தது. பொட்டின் விரல் தாளை அழுத்தி அழுத்தி நகக்கண் வெளுத்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. எண்ணியிருந்தால்தானே தெரியும்.

"எப்ப?" என்றாள் பொட்டு.

ஒரே வார்த்தை. முழுசாக, ஓரம் சிதையாமல் வந்தது. டீச்சர் அந்த வரியை மறுபடி படித்தாள். டேப் வந்தபிறகு இந்த ஐந்து பேரையும் அவள் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டதே இல்லை.

*

காலையில் தங்கை டீச்சரின் புடவையை எடுத்துத் தேய்த்து, கொடியில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "பாத்து இரு," என்று மட்டும் சொன்னாள். சம்மதமா சலிப்பா என்று பிரித்துப் பார்க்க முடியாத குரல்.

பெரிய மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். கோடு இழுத்த பெயருக்கு மேலே அதே பெயர் மறுபடி எழுதப்பட்டிருந்தது. டீச்சரின் கையெழுத்துதான், கரும்பலகையில் எழுதுவதுபோல வட்ட வட்டமான எழுத்து. கீழே கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

"என்ன டீச்சர் இது? எடுத்த பேர நீங்களே சேர்த்திருக்கீங்க?"

"நாலு பேருக்கு இல்லாதது அவளுக்கு எதுக்கு மேடம்?"

"சரி, அது உங்க இஷ்டம். கையெழுத்து எங்க?"

"நேரில் கேட்டுன்னு போட்டிருக்கு மேடம். நான் இன்னும் கேக்கல."

"அது அச்சடிச்ச வாசகம். எல்லாப் பள்ளிலயும் அதேதான். யாரு அதையெல்லாம் படிக்கிறா?"

"சிவப்பு வாங்கின பிள்ள படிச்சுச்சு," என்றாள் டீச்சர்.

பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் தெரிந்தது.

"இன்னிக்கு அனுப்பணும் டீச்சர். உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

"முப்பத்தாறு பேரு. பச்சை வாங்கினவங்களையும் சேத்து. ஒவ்வொருத்தரா பக்கத்துல உக்கார வெச்சுக் கேக்கணும். சில பேரு சீக்கிரம் முடிச்சுடுவாங்க. சில பேருக்கு நேரமாகும். எவ்வளவுன்னு இப்பச் சொல்ல முடியாது மேடம்."

"அப்ப நான் மேல என்ன சொல்றது? தேர்ந்தெடுத்தவங்களே ஒத்துக்கலைன்னா?"

"அப்படியே சொல்லுங்க. தப்பான நாலு பேர வெச்சுப் பாத்துத் தேர்ந்தெடுத்தாங்கன்னும் சொல்லுங்க. எழுதிக் குடுக்கச் சொன்னா எழுதிக் குடுக்குறேன். அதுல கையெழுத்துப் போடுறேன்."

வெளியே முதல் மணி அடித்தது. வராந்தாவில் ஈரக் காலடிகள் தடதடவென்று ஓடின. வானொலி யாரையோ அதட்டிக்கொண்டு போகும் குரல் ஜன்னல் வழியாக வந்தது. இன்றைக்கும் தொண்டை கட்டித்தான் இருந்தது.

பெரிய மேடம் தாளை அவள் பக்கமாக நகர்த்தினார். தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, காலியான இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "வேலைய நெனச்சுப் பாருங்க டீச்சர்," என்றார், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி. "ஒரு கையெழுத்துதானே கேக்குறேன்."

டீச்சர் பேனாவை எடுத்தாள். பக்கத்தில் கிடந்த மூடியைத் தேடி எடுத்து, சொடுக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மூடினாள். தாளின் மேலேயே, மேடத்தின் கைக்கு எட்டுகிற மாதிரி திருப்பி வைத்தாள்.

"இல்ல மேடம்," என்றாள்.